ஃபார்மட் அடிக்குமுன் பழுதைப் பாருங்கள்!



விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நம் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் பல, எட்டுப் பத்து ஆண்டுப் பழசு. அவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், பிந்திய தலைமுறைப் பிராசசரும் அதற்கு வேண்டும். "புதுசு வாங்கிப் போடுங்கள்" என்கிறார் விற்பவர். ஒரு புதுக் கம்ப்யூட்டரின் விலை எத்தனை மூட்டை அரிசியின் லாபம் என்பது மளிகைக்காரருக்குத்தான் தெரியும். அதனால், பழைய பெட்டியிலேயே லினக்ஸ் போட்டு ஓட்டலாமா என்ற கேள்வி இப்போது கடைக்குக் கடை எழுந்திருக்கிறது. சிலர் போட்டும் விட்டார்கள்.

போடுவது பெரிய காரியமில்லை. போட்ட பிறகு ஒரு நாள் காலையில் பெட்டி திறக்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் காரியம். சமவெளியில் இருப்பவர் பக்கத்துத் தெருவில் ஆள் பிடித்துக்கொள்வார். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் கடை வைத்திருப்பவர், போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஆள் ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தவருக்குக் கீழே இறங்கும் கடைசி பஸ்ஸின் நினைவு. பெட்டியைப் பத்து நிமிடம் பார்க்கிறார். "ஒண்ணும் பண்ண முடியாதுங்க முதலாளி, ஃபார்மட் அடிச்சாத்தான் சரிவரும்" என்கிறார். அடித்துவிட்டுப் போகிறார். பெட்டி திறக்கிறது. கணக்கைக் காணோம்.

ஃபார்மட் என்பது வைத்தியமல்ல, கடைசி நடவடிக்கை என்பது நமது உறுதியான கருத்து. லினக்ஸ் கம்ப்யூட்டரில் கடைக்காரர் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். அவற்றில் எதற்கும் முதல் வேலையாக வட்டை அழிக்க வேண்டியதில்லை.

கணக்கு போனால் என்ன போகும்?

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர், தம் கணக்குப் புத்தகங்களை ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு. 2023-24ஆம் ஆண்டுக் கணக்கின் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் முடியும்வரை நம் கையில் இருந்தாக வேண்டும். கணக்கைக் கம்ப்யூட்டரில் வைப்பவர், அது அழிந்தாலும் மீட்டெடுக்கும் வகையில் முறையான பிரதி வைத்திருக்க வேண்டும் என்று விதி 57 கூறுகிறது. "சர்வீஸ்காரர் அழித்துவிட்டார்" என்று அதிகாரியிடம் சொன்னால் எடுபடுமா?

சட்டத்தைவிடப் பெரிது ஒன்று உண்டு. மலைக்கடையில் பாதி வியாபாரம் பற்று வரவில் நடப்பது. சாமை அறுத்ததும் தருகிறேன், மாசி பங்குனியில் புளி உலுக்கியதும் தருகிறேன் என்று சொல்லி அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போகிறார்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்கள் வாக்கு தவறுவதில்லை. ஆனால் கொடுத்த கணக்கு அழிந்தால் கடைக்காரருக்கு நட்டம். அவர்கள் கட்டிய கணக்கு அழிந்தால் அவர்களுக்கு நட்டம். கட்டிய பணத்தை மறுபடி கேட்கும் கடை மலையில் எத்தனை நாள் நிலைக்கும்? வட்டை அழிப்பவர், இரு தரப்புக்கும் பொதுவான சாட்சியை அழிக்கிறார்.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல

1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது லினக்ஸ். உரிமக் கட்டணமில்லாமல் எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. அந்த மடிக்கணினியில் படித்த பிள்ளைகள் இன்று நம் கடைகளிலேயே பில் போடுகிறார்கள். ஆகவே 'இது நமக்குச் சரிவராது' என்ற அச்சம் வேண்டாம். அச்சத்துக்குப் பதில் முன்யோசனை வேண்டும்.

போடுமுன் மூன்று சோதனை

முதலாவது, உங்கள் கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா? டாலி நேரடியாக ஓடாது. அதை நம்பியிருப்பவர் ஒரு பெட்டியில் விண்டோஸை வைத்துக்கொள்வதே நல்லது. லிப்ரே ஆஃபீஸிலோ, உலாவி வழியாக இயங்கும் பில் மென்பொருளிலோ கணக்கெழுதுபவருக்குத் தடையில்லை.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. தளத்தில் எப்படிக் கையொப்பமிடுகிறீர்கள்? தனி உரிமையாளர் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. மூலமே தாக்கல் செய்துவிடலாம். கம்பெனியாகப் பதிந்தவருக்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அந்த யு.எஸ்.பி. சாவிக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று அதைக் கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். 'லைவ்' முறை என்பார்கள். வட்டில் ஒன்றும் பதியாமலே பிரிண்டர், பார்கோடு கருவி, இணையம் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதியும்போது ஒன்றை மறவாதீர்கள். 'ஹோம்' என்ற பகுதியைத் தனியே பிரித்துப் போடச் சொல்லுங்கள். நம் கோப்புகள் அங்கேதான் இருக்கும். பின்னால் லினக்ஸையே புதிதாகப் போட வேண்டி வந்தாலும், அந்தப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடலாம்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

தேதி தவறுவது: காலையில் பெட்டியைத் திறந்தால் பல வருடத்துக்கு முந்தைய தேதி காட்டுகிறது; ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் திறக்க மறுக்கின்றன. இணையம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. சி.ஆர்.2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் தேதியைப் பார்த்துத்தான் செல்லுபடியாகிறது. நம் பெட்டி பழைய தேதியில் நின்றால் 'இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை' என்று அது எண்ணிக்கொள்கிறது. இணையம் கிடைத்ததும் லினக்ஸ் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் மலையில் சிக்னல் வருவதற்குள் நாலு பில் தவறான தேதியில் போயிருக்கும். பேட்டரியை மாற்றுவதே தீர்வு.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில் இருந்து நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால், அது பேட்டரிக் கோளாறல்ல. பெட்டியின் உள் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் நம் உள்ளூர் நேரம் என்று கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று கொள்கிறது. உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தும்படி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

மின்வெட்டுக்குப் பின் கறுப்புத் திரை: நாம் முதலில் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதுபோல, லினக்ஸின் 'இ.எக்ஸ்.டி.4' கோப்பு முறையும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகுதான் உரிய இடத்தில் பதிகிறது. கரண்ட் போய் வந்தால் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பெரும்பாலும் இதற்கு நம் உதவி தேவைப்படாது. சில வேளை அதனாலும் முடியாமல், 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டிக் கறுப்புத் திரையில் நின்றுவிடும். இதைப் பார்த்ததும்தான் பலர் ஃபார்மட்டுக்குத் துணிகிறார்கள். செய்ய வேண்டியது வேறு. முதலில் பென் டிரைவ் லினக்ஸில் பெட்டியைத் திறந்து கணக்குக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். பிறகு 'எஃப்.எஸ்.சி.கே.' என்ற சோதனையை ஓட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப இதே தொல்லை வந்தாலோ, வட்டு டிக் டிக்கென்று சத்தமிட்டாலோ, வட்டே சாகப் போகிறது என்று பொருள். புது வட்டு வாங்குங்கள். ஒரு யு.பி.எஸ். வைப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவு.

கடவுச்சொல் கொடுத்தும் உள்ளே விடாதது: சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் மறுபடி மறுபடி அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். இதற்கு ஒரு முக்கியக் காரணம் வட்டு நிரம்பிவிடுவது. கிட்டங்கியில் கால் வைக்க இடமில்லாவிட்டால் புது மூட்டையை எங்கே இறக்குவது? பென் டிரைவ் லினக்ஸில் திறந்து, குப்பைத்தொட்டியையும் வேண்டாத வீடியோக்களையும் நீக்குங்கள். கதவு திறக்கும்.

பிரிண்டர் பேசாமலிருப்பது: பிரிண்டரை அணைத்திருக்கும்போது பில் கொடுத்துவிட்டால், லினக்ஸ் அந்தப் பிரிண்டரை 'நிறுத்தம்' என்று குறித்துவைக்கலாம். பிறகு பிரிண்டரைப் போட்டாலும் பில் வராது. பிரிண்டர் அமைப்புக்குப் போய் 'தொடர்க' என்பதை அழுத்தினால் தேங்கிய பில்லெல்லாம் வந்து கொட்டும். தெர்மல் பிரிண்டரில் பில் முடிந்தும் வெள்ளைத்தாள் நீளமாக ஓடினால் தாளளவு தவறாக இருக்கிறது. 58 மில்லிமீட்டரா 80 மில்லிமீட்டரா என்று பார்த்து மாற்றுங்கள். பார்கோடு கருவி பெரும்பாலும் கீபோர்டு போலவே வேலை செய்யும், டிரைவர் வேண்டாம். சீரியல் கேபிளில் இணைக்கும் மின்னணுத் தராசுக்கு மட்டும், டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் 'டயல்அவுட்' என்ற குழுவில் நம் பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு ஒரு முறை வெளியேறி உள்ளே வர வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் நல்ல தராசைப் பழுதென்று திருப்பியனுப்புவதும் நடக்கக்கூடியதே.

இணையம் கிடைக்காதது: பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் உள்ள வைஃபை சில்லுக்குத் தனி மென்பொருள் வேண்டும், பிராட்காம் சில்லுகள் இதில் பேர்போனவை. அந்த மென்பொருளை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த மென்பொருள் வேண்டும் என்று சிக்கிக்கொள்கிறோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து 'யு.எஸ்.பி. டெதரிங்' போட்டால் பெரும்பாலும் உடனே இணையம் கிடைக்கும். பிறகு வைஃபையைச் சரிசெய்துகொள்ளலாம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இவ்வகைத் துணை மென்பொருள்கள் பலவும் நிறுவும் வட்டிலேயே சேர்த்து வருகின்றன.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிவது, குழம்பித் தெரிவது: வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த சரக்குப் பட்டியல் புதுப் பெட்டியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவே. ஒருமுறை யுனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் எந்தப் பெட்டியிலும் தெரியும். 1999இல் சென்னை தமிழ்நெட் மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரட்டை ஏற்பாட்டில் வருபவை: ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்திருப்பவர் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது. அதன் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸில் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. விண்டோஸ் புதுப்பித்த பின் லினக்ஸ் காணாமல் போவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தத்தால் உலகெங்கும் பல இரட்டை ஏற்பாட்டுப் பெட்டிகளில் லினக்ஸ் திறக்க மறுத்தது. அப்போதும் வட்டிலிருந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசல்தான் அடைபட்டது. வாசல் அடைத்தது என்று வீட்டை இடிப்பவர் உண்டா?

புதுப்பிக்கும்போது பூட்டு: 'வேறொரு வேலை நடக்கிறது' என்று சொல்லிப் புதிய மென்பொருளை ஏற்க மறுத்தால், பின்னணியில் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். டீ குடித்துவிட்டு வாருங்கள். நடுவில் சுவிட்சை அணைப்பதுதான் புதுத் தொல்லையை வரவழைக்கும்.

வணிகர் இதையெல்லாம் கற்க வேண்டுமா?

"எங்களுக்கு வேறு வேலையில்லையா?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் தராசு செய்யும் தொழிலாளி அல்ல. ஆனாலும் காலையில் கடை திறந்ததும் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் எடை போடுகிறோமா? முத்திரை வைப்பது அதிகாரியின் வேலை. முள் சாய்ந்திருப்பதைக் கவனிப்பது நம் வேலை. கம்ப்யூட்டரிலும் அவ்வளவுதான். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். திரையில் வந்த செய்தியைக் கைப்பேசியில் படமெடுங்கள். கடைசியாக எதை மாற்றினோம் என்று குறியுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்த கடைக்காரரிடம் 'ஃபார்மட்' என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக யாரும் சொல்ல முடியாது.

சர்வீஸ் செய்யும் இளைஞர்களைக் குறைகூறுவது நம் நோக்கமல்ல. நாம்தான் "சீக்கிரம் முடியுங்கள்" என்று அவசரப்படுத்துகிறோம். பழுதைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் செலவிட்டவருக்கும், இருபது நிமிடத்தில் அழித்துப் போட்டவருக்கும் ஒரே கூலி கொடுக்கிறோம். அப்படியிருக்க, எவர் தேடுவார்? தேடியதற்குக் கூலி கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வர வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியவை

ஒன்று, நகலெடுக்காமலும், உரிமையாளரின் கையெழுத்துப் பெறாமலும் வட்டை அழிக்கக்கூடாது என்ற நிபந்தனையை சர்வீஸ் சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம்.

இரண்டு, மலையில் ஒவ்வொரு கடைத்தெருவுக்கும் ஒரு பென் டிரைவ் லினக்ஸும் ஒரு வெளி வட்டும் சங்கப் பொறுப்பில் இருக்கட்டும். அவசரத்துக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பி வைக்கலாம். ஒருவர் கணக்கு அடுத்தவர் கண்ணில் படாதபடி, நகலெடுத்தவர் தம் கோப்புகளை மாற்றிக்கொண்டு அழித்துவிட்டே திருப்பித்தர வேண்டும்.

மூன்று, விலையில்லா மடிக்கணினியில் பழகிய உள்ளூர் இளைஞர், இளம்பெண்களில் இருவருக்கோ மூவருக்கோ சங்கச் செலவில் பயிற்சி கொடுக்கலாம். கூலி மலையிலேயே தங்கும். நமக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நாள் மிச்சம்.

நான்கு, ஒவ்வொரு கடையிலும் கம்ப்யூட்டருக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கட்டும். எந்த லினக்ஸ், எந்தப் பிரிண்டர், எந்தத் தேதியில் என்ன பழுது, எப்படித் தீர்ந்தது என்று எழுதிவையுங்கள். அடுத்து வருபவர் முதலில் அந்த நோட்டைப் படிக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரம் ஒரு நாள், கல்லாவை எண்ணி முடித்த பிறகு, அந்த வாரக் கணக்கை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக் கடைக்கு வெளியே, வீட்டுப் பெட்டியில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத கட்டு நோட்டு மாதிரி.

வரும் செயற்குழுக் கூட்டத்தில் இந்த நான்கு யோசனைகளையும் உறுப்பினர்கள் விவாதித்து முடிவெடுக்க வேண்டுகிறோம். அதுவரை, எவர் வந்து சொன்னாலும், நகல் கைக்கு வராமல் ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள்.